ஸ்டாண்டு போட இடம் இருந்தால் போதும்

சென்னையில் நல்ல இட்லிக்குப் பஞ்சமில்லை. அந்த இட்லிக்கடை வாசலில் காரை நிறுத்தத்தான் இடமில்லை. அதனால் காரில் கிளம்புகிறவர் சாப்பாட்டைத் தேடுவதற்கு முன் பார்க்கிங்கைத் தேடுகிறார். பார்க்கிங் வைத்திருக்கும் உணவகமோ அந்த இடத்துக்கான வாடகையையும் தோசை விலையில்தான் ஏற்றும். சைக்கிள்காரருக்கு இந்தத் தொல்லை கிடையாது. சுவரோரம் இரண்டடி கிடைத்தால் ஸ்டாண்டு போட்டுப் பூட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுவார். நகரத்தின் மலிவான, ருசியான சாப்பாட்டில் பெரும்பகுதி இப்படிப்பட்ட இரண்டடிச் சந்துகளில்தான் இருக்கிறது.

ஊரின் தரையும் அவருக்குச் சாதகம். பாலங்களை விட்டுவிட்டால் மயிலாப்பூர் குளத்திலிருந்து பாரிமுனை வரை ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கடற்கரையை ஒட்டியே மிதித்தால் சாந்தோம், திருவல்லிக்கேணி, சேப்பாக்கம், கோட்டை என்று ஒவ்வொன்றாக வந்துவிடும். மொத்தம் எட்டு கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும். எதிரிகள் இரண்டே பேர்: வெயில், ராஜாஜி சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி. முதலாவதைக் காலையில் சீக்கிரம் கிளம்பித் தவிர்க்கலாம். இரண்டாவதுக்கு வழிவிட்டு ஒதுங்குவதைத் தவிர வேறு உபாயம் இல்லை.

மயிலாப்பூரில் பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஒரு வீட்டு ஜன்னல்தான் கடை. ‘ஜன்னல் கடை’ என்றே ஊர் கூப்பிடுகிறது. பொங்கல், பஜ்ஜி, போண்டா எல்லாம் கம்பிகளுக்கு வெளியே வரும். வாங்கித் தெருவில் நின்றபடியே சாப்பிட வேண்டும். அருண்டேல் தெருப் பக்கம் ராயர் மெஸ். குறுகலான சந்துக்குள் சின்ன இடம், வெளியே காத்திருக்கும் கூட்டம், இட்லியோடு அங்கே பெயர்போன கெட்டிச் சட்னி. மாட வீதியில் காளத்தி கடை. பத்திரிகைக் கடைதான்; ஆனால் மூன்று தலைமுறை மயிலாப்பூர்க்காரர்கள் அங்கே போவது ரோஸ் மில்க்குக்காக. இந்த மூன்று இடங்களுக்கும் காரில் போய்விட்டு வருவதாக யாராவது சொன்னால், அவருக்கு ஓட்டுநர் இருக்கிறார் என்று பொருள்.

அங்கிருந்து சாந்தோம் வந்தால் வேறொரு வகைக் கடை. 2013 பிப்ரவரியில் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா அம்மா உணவகத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது இந்தப் பகுதியில்தான். இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய், மாலையில் இரண்டு சப்பாத்தி 3 ரூபாய் என்று விலை வைத்தார்கள். சமைத்துப் பரிமாறுவது மகளிர் சுய உதவிக் குழுக்கள். கட்டடத் தொழிலாளி, கல்லூரி மாணவர், ஆட்டோ ஓட்டுநர், ஓய்வுபெற்ற குமாஸ்தா என எல்லாரும் ஒரே உயர மேஜையில் தட்டை வைத்து நின்று சாப்பிடுகிறார்கள். ருசியில் ராயர் மெஸ்ஸோடு போட்டி போட வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. பத்து ரூபாயில் பசியாறுகிறது, அதற்காகத்தான் ஆரம்பித்தார்கள்.

திருவல்லிக்கேணி சைக்கிளுக்கென்றே அமைந்த பேட்டை. மேன்ஷன்களில் தங்கியிருக்கும் பிரம்மச்சாரிகளின் வயிற்றை நம்பிப் பல பத்தாண்டுகளாக அங்கே மெஸ்கள் நடக்கின்றன. அக்பர் சாகிப் தெருவில் காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு முறை வரும்வரை வெளியே நிற்க வேண்டும். உள்ளே போனால் வாழையிலை, கணக்காக வரும் கூட்டு பொரியல், தாமதம் செய்யாத பரிமாறல். சேப்பாக்கம் மைதானத்துக்குப் பக்கத்துச் சந்தில் நாயர் மெஸ். 1961-லிருந்து மலையாளத்து மீன் குழம்பை அந்தப் பேட்டைக்குப் பழக்கியிருக்கிறது. கிரிக்கெட் நடக்கும் நாளில் அங்கே உட்கார இடம் கிடைப்பது தனி அதிர்ஷ்டம்.

ரத்னா கபேயின் கதை இன்னும் சுவாரசியமானது. சாம்பாரில் இட்லி மிதப்பதென்றால் சென்னைக்காரருக்கு முதலில் நினைவு வருவது திருவல்லிக்கேணி ரத்னா கபே. வாளியில் சாம்பாரைக் கொண்டுவந்து, போதும் போதும் என்றாலும் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். 1948-ல் அதைத் தொடங்கியது உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த குப்தா குடும்பம். தமிழரின் சாம்பாருக்கு நகரத்திலேயே பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள் இந்தி பேசும் ஊரிலிருந்து வந்தவர்கள். எந்தச் சாப்பாடு யாருக்குச் சொந்தம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் அங்கே ஒரு முறை போய்ச் சாம்பார் இட்லி சாப்பிட்டுவிட்டு வரலாம்.

ரம்ஜான் மாதத்தில் அதே பேட்டையில் இன்னொரு காட்சி. ஆற்காடு நவாப் குடும்பம் 1795-ல் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் நேரத்தில், மயிலாப்பூரிலிருந்து சூஃபிதார் அறக்கட்டளையின் தொண்டர்கள் சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். அந்த அறக்கட்டளையை உருவாக்கிய தாதா ரத்தன்சந்த், பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதியாக வந்த இந்து. அந்த வழக்கம் பல பத்தாண்டுகளாக நிற்காமல் நடக்கிறது. அந்த மாதம் முழுவதும் சாயங்காலமானால் தெருவெங்கும் நோன்புக் கஞ்சி வாசம். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் போகிறவருக்கு அது எட்டாது.

சைக்கிளில் போய்ச் சாப்பிடுவது ஒரு பக்கம். இந்த ஊரில் சாப்பாடே சைக்கிளில் வருவது இன்னொரு பக்கம். விடிகாலையில் குடியிருப்புத் தெருக்களில் ஹார்னை அமுக்கிக்கொண்டு இடியாப்பக்காரர் வருவார்; கேரியரில் கூடை, அதற்குமேல் தேங்காய்ப்பால் பாத்திரம். பத்து மணிக்கு மேல் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் வங்கி வாசல்களிலும் டீ கேன் கட்டிய சைக்கிள். ராத்திரியில் மெரினா ஓரத்திலும் பேருந்து நிலையங்களிலும் சுக்குக் காப்பி. கடைக்கு முன்பணம் இல்லை, வாடகை இல்லை, மின்சாரக் கட்டணம் இல்லை. முதலீடு ஒரு பழைய சைக்கிளும் ஒரு கேனும்தான். டீ இன்னும் ஏழைக்கு எட்டும் விலையில் கிடைப்பதற்கு இந்த இரண்டு சக்கரங்களும் ஒரு காரணம். உணவு விநியோகச் செயலிகள் சைக்கிளில் டெலிவரி செய்யும் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டபோது அதைப் புதுமை என்றார்கள். இடியாப்பக்காரர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

கோட்டையைத் தாண்டிப் பாரிமுனை வந்தால் மூலையில் நிமிர்ந்து நிற்பது டேர் ஹவுஸ். 1788-ல் இங்கே வியாபாரம் தொடங்கிய தாமஸ் பாரியின் பெயரால்தான் முனைக்குப் பெயர். கட்டடம் இப்போது முருகப்பா குழுமத்தின் தலைமையகம். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களைத் தயாரிக்க 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கிய அதே குழுமம்தான். அம்பத்தூர் ஆலையில் பிறந்த சைக்கிளை மிதித்துக்கொண்டு போகும் டீக்காரர் இந்த வாசலைக் கடந்துதான் பர்மா பஜாருக்குப் போகிறார்.

பர்மா பஜாரை இன்று செல்போன் உதிரிக்கும் வெளிநாட்டு சென்ட்டுக்கும் போகிற இடமாகத்தான் பலருக்குத் தெரியும். அதன் தொடக்கம் வேறு. 1962-ல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் வங்கிகளும் அரசுடைமை ஆயின. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. ரங்கூனிலும் மோல்மேனிலும் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்கள் கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறி மதராஸ் வந்து இறங்கினார்கள். அவர்கள் பிழைக்க 1969-ல் அரசு ஒதுக்கிக் கொடுத்த கடைவரிசைதான் பர்மா பஜார். கடை கிடைத்தவர்கள் சாமான் விற்றார்கள். கிடைக்காதவர்களில் சிலர் அங்கே பழகிய சாப்பாட்டை இங்கே தள்ளுவண்டியில் ஏற்றினார்கள்.

அப்படி வந்ததுதான் அத்தோ. சாயங்காலமானால் செகண்ட் லைன் பீச் சாலையில் வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். ஆரஞ்சு நிறத்தில் தடித்த நூடுல்ஸ், சீவிய முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, மிளகாய்த் தூள், புளித்தண்ணீர், எலுமிச்சை, எண்ணெய், மேலே நொறுக்கிப் போடும் பேஜோ என்கிற மொறுமொறுப்பான பொரியல். எல்லாவற்றையும் பாத்திரத்தில் போட்டுக் கையாலேயே பிசைவார்கள். கரண்டியால் கலந்தால் அந்த ருசி வராது என்று வாடிக்கையாளர்களே சாதிப்பார்கள். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். அதன் பூர்வீகம் மொஹிங்கா என்கிற பர்மிய மீன் குழம்பு. அங்கேயும் வாழைத்தண்டு போடுவது வழக்கம். அப்புறம் மசாலா முட்டை. அவித்த முட்டையைப் பிளந்து, பொரித்த வெங்காயமும் பூண்டும் திணித்து, புளித்தண்ணீர் விட்டு, ஒரே வாயில் போடச் சொல்வார்கள். இரண்டு கடியாகச் சாப்பிட முயன்றவர்களின் சட்டைக்குத்தான் அதன் விளைவு தெரியும்.

இந்த வண்டிகளுக்கு மேஜை நாற்காலி கிடையாது. பக்கத்தில் அலுவலகம் முடிந்து கடற்கரை ரயில் நிலையத்துக்கு நடக்கும் ஊழியர்கள், துறைமுகத் தொழிலாளிகள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு நகர்கிறார்கள். வியாசர்பாடியிலும் பர்மாவிலிருந்து வந்தவர்கள் குடியேறினார்கள். அத்தோ அங்கேயும் கிடைக்கும். சமீப ஆண்டுகளில் தென்சென்னைப் பக்கம் குளிரூட்டிய கடைகளிலும் அத்தோ வந்துவிட்டது. விலை கூடியிருக்கிறது, பூண்டு குறைந்திருக்கிறது.

செகண்ட் லைன் பீச்சிலிருந்து சவுகார்பேட்டைக்குச் சைக்கிளில் பத்து நிமிடம். என்.எஸ்.சி. போஸ் சாலையில் பொங்கல் தீபாவளி சமயத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவது உத்தமம். தங்கசாலைத் தெருவிலும் அதன் கிளைகளிலும் மார்வாரி, குஜராத்திக் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. காக்கடா ராம்பிரசாத் கடையில் நெய்யில் பொரியும் ஜிலேபியும் காரமான ஆலு டிக்கியும் கிடைக்கும். கொஞ்சம் தள்ளி, சீனா பாய் டிபன் சென்டரில் சாயங்காலம் இட்லியும் ஊத்தப்பமும் மட்டும்தான். மேலே ஊற்றுகிற நெய்யின் அளவைப் பார்த்து மருத்துவர்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நம்முடைய இட்லியை வடக்கத்தி நாக்குக்கு ஏற்றபடி நெய்யில் முக்கி வைத்திருக்கிறார்கள். ரத்னா கபேயில் நடந்த பண்டமாற்று இங்கே திரும்பி நடக்கிறது. அதே பேட்டையில்தான் முறுக்கு சாண்ட்விச் உருவானது. ரொட்டிக்குப் பதில் இரண்டு முறுக்கு, நடுவில் தக்காளி, வெள்ளரி, பச்சைச் சட்னி, வேண்டுமானால் சீஸ். பாட்டி கையால் சுட்ட முறுக்கை இப்படியா செய்வது என்று முதலில் முகம் சுளிப்பவர்களும் இரண்டாவது கேட்டு வாங்குகிறார்கள்.

பக்கத்தில் ஏழுகிணறு. வள்ளலார் இளமையில் நெடுங்காலம் வாழ்ந்த வீடு அங்கே வீராசாமித் தெருவில் இருக்கிறது. பிறகு வடலூர் போய் 1867-ல் அவர் தருமசாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றும் பசித்தவருக்குச் சோறு போடுகிறது. சாப்பாட்டுக்காக ஊர் சுற்றுகிறவர்கள் அந்த ஏழுகிணறு வீட்டு வாசலில் ஒரு நிமிடம் காலை ஊன்றி நிற்பதில் தப்பில்லை.

தெருச் சாப்பாட்டுக்கும் சைக்கிளுக்கும் துணையாக 2014-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. தெருவோர வியாபாரிகளின் பிழைப்பைப் பாதுகாக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் முதலிடம் தரும் போக்குவரத்துக் கொள்கையைச் சென்னை மாநகராட்சி ஏற்றுக்கொண்டது. போக்குவரத்து நிதியில் 60 சதவீதமாவது அவர்களுக்குச் செலவிட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. 2019-ல் தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது, வாடகைச் சைக்கிள்களும் நகருக்குள் வந்தன. ஆனால் செகண்ட் லைன் பீச்சில் சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்ட ஒரு கம்பி தேடினால் மின்கம்பம்தான் கிடைக்கிறது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் விலையில்லாச் சைக்கிள் கொடுக்கும் மாநிலத்தின் தலைநகரில், அந்தச் சைக்கிளை நிறுத்த நாலு இரும்பு வளையம் நட்டுவைப்பது பெரிய செலவாகாது. பர்மா பஜாரிலும் தங்கசாலையிலும் திருவல்லிக்கேணியிலும் மாநகராட்சி அதை முதலில் செய்யட்டும்.

கிளம்புகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. மயிலாப்பூரையும் திருவல்லிக்கேணியையும் காலையில் முடித்துக்கொள்ளுங்கள். பாரிமுனைக்கும் சவுகார்பேட்டைக்கும் சாயங்காலம் போங்கள். சில்லறை எடுத்துக்கொள்ளுங்கள், பூட்டை மறக்காதீர்கள், வெள்ளைச் சட்டை வேண்டாம். அத்தோ வண்டிகள் வெயில் தாழ்ந்த பிறகுதான் வரும்.