முதலில் கம்பி, பிறகு பென்சில்

ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் வயது ஐந்தா, ஆறா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஒன்றிய அரசு ஆறு என்கிறது. தமிழ்நாடு ஐந்தைவிட்டு அசைவதாக இல்லை. ஆறு என்று முழங்கிய கர்நாடகம், பெற்றோர் கொதித்ததும் 2025-26ஆம் கல்வியாண்டுக்கு மட்டும் ஐந்து வயது ஐந்து மாதத்துக்கு இறங்கி வந்தது. தொலைக்காட்சி விவாதங்களில் ஒருவர் மாநில உரிமை பேசுகிறார், இன்னொருவர் மூளை வளர்ச்சி பேசுகிறார். பென்சிலைப் பிடிக்கப்போகும் கை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க மட்டும் ஆளில்லை.

குழந்தை பிறக்கும்போது மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகளும் வெறும் குருத்தெலும்பாகவே இருக்கும். அவை ஒவ்வொன்றாக இறுகிவர ஆண்டுகள் பிடிக்கும். கடைசி எலும்பு எக்ஸ்ரேயில் தலைகாட்டுவதற்குள் எட்டு வயது கடந்துவிடும். அந்தக் கையில்தான் மூன்றரை வயதிலேயே நான்கு கோடு நோட்டைத் திணித்து, கர்சிவ் எழுத வைக்கிறோம். குழந்தை பென்சிலை முஷ்டியால் பிடிக்கிறது, அரைப் பக்கத்தில் கை வலிக்கிறது என்கிறது. டைரியில் சிவப்பு மையில் குறிப்பு வருகிறது: ‘கையெழுத்தில் கவனம் தேவை.’

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சொல்லி நண்பர்களைச் சலிப்பூட்டியிருக்கிறேன். இப்போது உங்கள் முறை. இங்கிலாந்தின் எசெக்ஸ் வட்டாரத்தில் பத்து வயதுக் குழந்தைகளின் உடல் வலிமையை 1998இல் அளந்தார்கள். 2008இல் அதே வயதுக் குழந்தைகளை மறுபடி அளந்தார்கள். கை வலிமை 26 சதவீதம் குறைந்திருந்தது. படுத்து எழும் பயிற்சியின் எண்ணிக்கை 27 சதவீதம் சரிந்திருந்தது. சுவர்க் கம்பியைப் பிடித்துத் தொங்கச் சொன்னபோது, 1998இல் தன் எடையைத் தாங்க முடியாதவர்கள் இருபதில் ஒருவர். 2008இல் பத்தில் ஒருவர். போதாததற்கு, இன்னொரு பத்தில் ஒருவர் முயன்று பார்க்கவே மறுத்துவிட்டார். உயரத்துக்கு ஏற்ற எடையில் பெரிய மாற்றமில்லை. அதாவது, பார்வைக்கு அதே பிள்ளைகள்தான். உள்ளே தசை காணாமல் போயிருந்தது. பிடிவலிமை 7 சதவீதம்தானே குறைந்தது என்று சிலர் கிளம்புவார்கள். 2014இல் மூன்றாம் முறை அளந்தபோது தசை வலிமை 1998ஐவிட 20 சதவீதம் சரிந்திருந்ததை அவர்கள் படிக்கவில்லை போலும்.

எசெக்ஸ் எங்கே, எடப்பாடி எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே அளந்து பார்த்தால்தானே பதில் சொல்ல? கேலோ இந்தியா உடற்தகுதி மதிப்பீட்டில் ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு மூன்று சோதனைகள்: உயரம்-எடைக் கணக்கு, ஒற்றைக்காலில் நிற்பது, இரண்டு வட்டங்களைக் கையால் மாறி மாறித் தட்டுவது. கையின் வேகம் தெரிந்துவிடும், பிடி தெரியாது. ஜப்பானில் 1964 முதல் நாடு தழுவிய உடல்திறன் ஆய்வு நடக்கிறது. இன்றைய சோதனையில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் 79 வயதுத் தாத்தாவுக்கும் கைப்பிடி அளவீடு உண்டு. தொடக்கப்பள்ளி மைதானத்தில் தாழ்வான இரும்புக் கம்பிகள் நிற்கும். அதில் தொங்குவதும் சுற்றுவதும் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. நம் மழலையர் பள்ளி முற்றத்தில் பிளாஸ்டிக் சறுக்கு இருக்கிறது. சறுக்குவதற்குக் கை எதற்கு?

பழம்பெருமை பாடுவது என் வேலையல்ல. ஆனாலும் அடிகுழாயின் கைப்பிடியில் முழு உடம்பையும் தொங்கவிட்டுத் தண்ணீர் அடித்த பிள்ளைக்கும், பம்பரத்தில் சாட்டையை இறுக்கிச் சுற்றிய பிள்ளைக்கும் தனிப் பயிற்சி தேவைப்படவில்லை. அந்த வேலைகள் போய்விட்டன, போகட்டும். அவற்றின் இடத்தில் எதையாவது வைக்க வேண்டும். ஈர ஸ்பாஞ்சைப் பிழிந்து ஒரு வாளித் தண்ணீரை அடுத்த வாளிக்கு மாற்றச் சொல்லுங்கள், நாலு வயதுப் பிள்ளை அரை மணி நேரம் அசையாது. களிமண், சப்பாத்தி மாவு, துணிக் கிளிப், பழைய துண்டில் கயிறு இழுத்தல் எல்லாம் ஆகும். ஆனால் கம்பிக்கு ஈடு எதுவுமில்லை. தொங்கும்போது கால்விரல் நீட்டினால் தரை எட்டுகிற உயரம், கீழே மணல், பக்கத்தில் ஒரு பெரியவர். வௌவால் விளையாட்டு என்று சொல்லிவிட்டால் போதும். எத்தனை விநாடி என்று எண்ணக் கூடாது. கை விட்டுவிட்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது.

கூடாதவையும் உண்டு. பெரியவர்கள் அழுத்தும் ஸ்பிரிங் கிரிப்பரைக் குழந்தைக்கு வாங்கித் தராதீர்கள். விளையாட்டுக்கென்று ஒற்றைக் கையைப் பிடித்துத் தூக்கிச் சுழற்றவே கூடாது; நான்கு வயதுக்குக் கீழே முழங்கை மூட்டு நழுவுவது பெரும்பாலும் இப்படித்தான். மூன்று வயது ஆகாத குழந்தைக்கு மணி கோக்கும் விளையாட்டும் வேண்டாம், தொண்டையில் சிக்கும். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண ஜெல் உருண்டைகளை எந்தக் குழந்தையிடமும் கொடுக்காதீர்கள். விழுங்கினால் வயிற்றுக்குள்ளும் ஊதி, குடலை அடைக்கும்.

‘பெற்றோர் கேட்கிறார்கள், அதனால் எழுத வைக்கிறோம்’ என்பது தனியார் பள்ளி நிர்வாகிகளின் ஆயத்த பதில். கட்டணத்தைக் குறைக்கச் சொல்லியும்தான் பெற்றோர் கேட்கிறார்கள். ‘விழுந்தால் யார் பொறுப்பு?’ என்று கேட்பவர்களிடம் வாதாடுவது வீண். அவர்கள் குழந்தையை வளர்க்கவில்லை, பத்திரப்படுத்துகிறார்கள். கையெழுத்தே வழக்கொழியப்போகிறது, தட்டச்சு போதும் என்கிறார் இன்னொரு வகை அறிஞர். தேர்வுத்தாளில் மூன்று மணி நேரம் தட்டச்சு செய்ய எந்த வாரியம் அனுமதிக்கிறது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

கையெழுத்தோடு முடிகிற விஷயமும் அல்ல இது. 17 நாடுகளில் ஏறக்குறைய 1,40,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், பிடிவலிமை ஒவ்வொரு ஐந்து கிலோ குறையும்போதும் இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடியிருந்தது. அந்த ஆய்வில் இந்தியாவும் உண்டு. அது பெரியவர்களைப் பற்றியது என்று தெரியும். பெரியவர்களின் கைகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. இன்று எல்.கே.ஜி.யில் கம்பியைத் தொடாமல் பென்சிலைத் தேய்ப்பவர்கள்தான் 2065இல் மருத்துவமனை வரிசையில் நிற்கப்போகிறார்கள்.

ஆகவே, வயதுச் சண்டையை மூட்டை கட்டுங்கள். ஐந்தோ ஆறோ, தயாரான கையோடு வரும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். தமிழ்நாட்டின் 54 ஆயிரத்துச் சொச்சம் அங்கன்வாடிகளிலும் மையத்துக்கொரு தாழ்வான கம்பியும் மணல் குழியும் போடுங்கள். ஒரு ஸ்மார்ட் டிவியின் விலைகூட ஆகாது. எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளில் பென்சிலையும் எழுத்து வீட்டுப்பாடத்தையும் அரசாணை போட்டுத் தடை செய்யுங்கள். கம்பி இல்லாத மழலையர் பள்ளிக்கு அடுத்த ஆண்டு அங்கீகாரத்தைப் புதுப்பிக்காதீர்கள்.