வாயிலில் மணக்கட்டும் வெட்டிவேர்!

பொங்கல் நெருங்கினால் கடைத்தெருவெங்கும் நெகிழி மாவிலை தொங்குகின்றது. அதன் நடுவே ஆங்கில வாழ்த்து வேறு! கழுவி மடித்து அடுத்த ஆண்டுக்கும் வைத்துக்கொள்ளலாமாம். மணமற்ற அவ்விலையை வாயிலில் கட்டிவிட்டுக் குப்பியிலடைத்த செயற்கை மணத்தை வீட்டினுள் பீய்ச்சுகின்றோம்.

ஆங்கிலத்திலும் பிரஞ்சிலும் வெட்டிவேருக்கு வழங்கும் பெயர் நம் சொல்லின் திரிபே. பெயரை ஈந்த நாமோ வேரை மறந்தோம்! தமிழன்பர்களே, ஒரு பிடி வேரைக் கழுவி, நிழலில் உலர்த்தி, வாழைநாரோடு முப்புரியாகப் பின்னுங்கள். இடையிடையே மருக்கொழுந்தைச் செருகி நிலையில் கட்டுங்கள். மணம் குன்றும்போது நீர் தெளித்தாற் போதும், மீண்டும் கமழும். வேரிலுள்ள நெய் மெல்லவே ஆவியாகும். ஆதலின் விழா முடிந்தபின் அவ்வேரைத் துணிப்பேழையில் இடலாம். மஞ்சட்கொத்தைப் பானைக்கு மட்டுமன்றி நிலைக்கும் கட்டுங்கள். இலையைச் சற்றே கசக்கினாலும் மணக்கும்.

கொங்குநாட்டில் பொங்கலுக்கு முன்னாள் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை சேர்த்துக் கூரையில் காப்புக் கட்டுவது இன்றும் உண்டு. அதற்கு விலை, வேலியோரம் நடந்த களைப்பே! நகரில் அதுவும் விற்பனைக்கு வந்துவிட்டது. வரட்டும், பறித்தவர் கைக்கன்றோ காசு சேர்கின்றது! தமிழ்நாட்டரசு நெகிழிப் பைக்கும் குவளைக்கும் விதித்த தடை 2019-இல் நடைமுறைக்கு வந்தது. நெகிழி மாவிலையைத் தடுக்க அரசாணை எதற்கு? நம் வீட்டு நிலைக்கு நாமே உரியவர்.