ஒரு சதவீதம் ஐயாயிரம் ரூபாய்

என் இடது காலுக்கு இதுவரை மூன்று விலை சொல்லியிருக்கிறார்கள். மக்கள் நீதிமன்றத்தில் காப்பீட்டுக் கம்பெனிக்காரர் சொன்னது 2 லட்சம். தீர்ப்பாயம் போட்டது, ஒரு சதவீத ஊனத்துக்கு 5,000 ரூபாய் வீதம் 35 சதவீதத்துக்கு 1,75,000. உச்ச நீதிமன்றம் சொல்லிவைத்திருக்கும் முறைப்படி நானே பேனாவும் தாளும் எடுத்துப் போட்டுப் பார்த்தது 30 லட்சத்துக்கு மேலே நிற்கிறது. கால் அதேதான். முறிவும் அதேதான். பிறகு எங்கிருந்து வருகிறது இத்தனை வித்தியாசம்? எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சட்டம் தெரியும், எனக்குத் தெரியாது, தெரியாமல் இருக்கிறானே என்று சொல்லித்தர வேண்டியவர்கள் வாயைத் திறக்கவில்லை. அங்கிருந்துதான் வருகிறது.

நான் காஞ்சிபுரம் பக்கம் பட்டு நெய்கிறவன். நெய்தவன் என்று சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில், முடித்த சேலையை முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டுச் சாலை ஓரமாக சைக்கிளில் வந்துகொண்டிருந்தவனைப் பின்னால் வந்த கார் அடித்துப் போட்டது. அடித்ததைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை, பின்னால் எனக்குக் கண் இல்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு மூன்று துண்டு, கணுக்கால் நொறுங்கிவிட்டது. பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள்.

என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவர் ஓர் ஆட்டோக்காரர். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, "ரோட்ல விழுந்து கெடந்தாரு சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெயர் சொல்லப் பயம். போலீஸ், கோர்ட்டு என்று அலைய விடுவார்களே என்ற பயம். உதவி செய்தவரைப் பெயர் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது, சாட்சிக்கு இழுக்கக் கூடாது என்று 2016-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லி, பிறகு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று ஒரு பிரிவு வந்துவிட்டது. அந்த மனிதருக்கு அதை யார் சொன்னார்கள்? அவர் சொன்ன ஒரு வரியை வைத்து டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதினார்: சைக்கிளில் இருந்து தவறி விழுந்ததாக.

ஏ.ஆர். காப்பி என்பார்கள் அதை. அரை மயக்கத்தில் கிடப்பவனைச் சுற்றி நின்று எழுதுகிற அந்த ஒரு வரியைத்தான் கம்பெனி வக்கீல் தீர்ப்பாயத்தில் தூக்கிப் பிடித்தார். "மனுதாரர் தானே விழுந்தார் என்று மருத்துவரே எழுதியிருக்கிறார்." மோதியது கார் என்று ஒரு வார்த்தை அதில் ஏறியிருந்தால் எனக்குப் பாதி வழக்கு மிச்சம். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாருக்காவது அந்த நிலைமை வந்தால், கூட நிற்கிறவர் அந்தப் பதிவேட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். வண்டி நம்பர் தெரிந்தால் அதையும் சொல்லி எழுத வையுங்கள். அழுகையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

பிறகு காவல் நிலையம். காரின் சொந்தக்காரர் ஆள் அனுப்பினார். ஐம்பதாயிரம் வாங்கிக்கொள்ளலாமாம், கேஸ் வேண்டாமாம். ஸ்டேஷனில் என் மனைவியிடம், "ஏம்மா, அவங்க தர்றதை வாங்கிட்டுப் போறதை விட்டுட்டு, இன்சூரன்ஸ்னு போனா எப்போ வரும்னு தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் வாங்கவில்லை. எஃப்.ஐ.ஆர். போடவைக்க அவள் எத்தனை முறை நடந்தாள் என்று நான் எண்ணவில்லை, படுத்த படுக்கையில் இருந்தேன். கடைசியில் போட்டார்கள். அதில் தொழில் என்ற இடத்தில் "கூலி" என்று எழுதினார்கள். கேட்டதற்கு, எல்லாம் ஒன்றுதான் என்றார்களாம்.

எல்லாம் ஒன்றில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

என்னை அதிகம் எரிய வைப்பது வேறு. 2022 ஏப்ரல் 1 முதல் ஒரு விதி அமலில் இருக்கிறது. விபத்துத் தகவல் வந்த 48 மணி நேரத்துக்குள் போலீஸ் முதல் அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டுக் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். 90 நாளுக்குள் விரிவான அறிக்கை போக வேண்டும். அது போய் 30 நாளுக்குள் கம்பெனி தான் எவ்வளவு தருகிறது என்று சொல்லியாக வேண்டும். அந்த 48 மணி நேரத்துக்கும் 90 நாளுக்கும் நடுவே இன்னொன்று இருக்கிறது. அடிபட்டவனுக்கு என்னென்ன உரிமை, அடுத்து என்ன நடக்கும் என்று எழுதிய ஒரு படிவத்தை, இரண்டாம் எண் படிவம் என்று பெயர், 10 நாளுக்குள் புலனாய்வு அதிகாரி அவன் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கலாம் என்று இல்லை; கொடுக்க வேண்டும். என் மனைவி அந்த ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அது யார் மேஜைக்குள் இருந்தது? அப்படி ஒரு காகிதம் உண்டு என்பதே இரண்டாம் வருஷம்தான், அதுவும் இலவச சட்ட உதவி மையத்தில் ஒரு பெண் வக்கீல் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

கெடு மட்டும் எங்களுக்கு உண்டு. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்று 2019 திருத்தத்தில் சேர்த்துவிட்டார்கள். முன்பு அப்படி இல்லை. காலில் கம்பி மாட்டிக்கொண்டு கிடக்கிறவனுக்கு ஆறு மாதம். தெம்பாக நடமாடுகிற அதிகாரி படிவம் கொடுக்கத் தவறியதற்கு அவருக்கு ஏதாவது ஆனதாக நான் கேட்டதில்லை. அந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. நாங்கள் தப்பித்தோம், என் மனைவி விடாப்பிடியாக நின்றதால்.

ஆஸ்பத்திரியைப் பற்றி ஒன்றே ஒன்று. விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, அப்போது 1 லட்சம் வரை, அரசே ஏற்கும் என்று "இன்னுயிர் காப்போம்" திட்டம் 2021 டிசம்பரிலேயே வந்துவிட்டது. பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும், காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் செல்லும். முதல் நாள் ராத்திரி எங்களை மாற்றி அனுப்பிய இடத்தில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "அட்வான்ஸ் கட்டுங்க" என்றார்கள். என் மனைவியின் தோடு அன்றைக்குத்தான் போனது.

தோடு போன இரண்டாம் நாள், படுக்கைக்குப் பக்கத்தில் பழத்தோடு ஒருவன் வந்து நின்றான். சொந்தக்காரன் மாதிரி விசாரித்தான். "அண்ணே, ஒண்ணும் கவலப்படாதீங்க. நம்ம வக்கீல் பாத்துக்குவாரு. செலவே கெடையாது. ஜெயிச்சா முப்பது பர்சென்ட், அவ்ளோதான்." கையில் எழுதாத வக்காலத்துத் தாள், மைப்பெட்டி. கைரேகை வைத்தால் போதுமாம், கையெழுத்துக்கூட வேண்டாமாம். வருகிற இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று வக்கீல் பேசுவதே பார் கவுன்சில் விதிப்படி கூடாது. என் ஊனத்துக்கு மருத்துவ போர்டு சதவீதம் போடுவதற்கு முன்பே அதில் இவன் பங்கு போட்டுவிட்டான்! அந்த நேரத்தில் 15100 என்ற நம்பரை யாராவது சொல்லியிருந்தால் போதும். சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். அது எழுதிய போர்டை நான் கோர்ட்டு வளாகத்தில்தான் பார்த்தேன். தேவைப்படும் இடம் எலும்பு முறிவு வார்டு.

இனி சாட்சிக் கூண்டுக்கு வருகிறேன்.

"நீங்க இன்னிக்கு நடந்துதானே கோர்ட்டுக்கு வந்தீங்க?"

"ஆமாங்க, கம்பு வெச்சிக்கிட்டு."

"நடக்க முடியுது. அப்ப வேலையும் செய்ய முடியும்ல?"

வக்கீல் ஐயா, நெசவாளி தறிக்குள் நடப்பதில்லை. குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, இரண்டு காலாலும் மிதிக்கட்டையை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். இடது கால் அமுக்கினால் பாதிப் பாவு மேலே எழும்பும், நாடா ஓடும், வலது கால் அமுக்கினால் மறுபாதி. பட்டுப் பாவில் விசை கூடிப் போனாலும் இழை அறும், குறைந்து போனாலும் வழி திறக்காது. அந்த அளவு கணுக்காலில் இருக்கிறது. என் கணுக்கால் அசையாது. முட்டி முழுசாக மடங்காது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்து ஆறியபின் ஒருநாள் குழியில் இறங்கிப் பார்த்தேன். ஏறவே இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. இதை நான் கூண்டில் சொல்ல ஆரம்பித்தேன். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார்கள்.

என்னைப் பேசவிடாத இந்த விஷயத்தை உச்ச நீதிமன்றம் 2010-லேயே பேசிவிட்டது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற வழக்கு. உடம்புக்கு எத்தனை சதவீத ஊனம் என்பது வேறு, அதனால் சம்பாதிக்கும் சக்தி எத்தனை சதவீதம் போனது என்பது வேறு என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஒரு கை போனால் குமாஸ்தா எப்படியோ வேலையைத் தொடரலாம். தச்சனுக்கும் டிரைவருக்கும் மொத்தப் பிழைப்பும் போய்விடும். எனவே அவன் என்ன தொழில் செய்தான் என்று முதலில் பார் என்கிறது தீர்ப்பு. இப்போது புரிகிறதா, எஃப்.ஐ.ஆரில் "கூலி" என்று எழுதியதற்கு நான் ஏன் கத்துகிறேன் என்று? கூலி என்றால் வேறு வேலைக்குப் போ என்று சொல்லிவிடலாம். குழித்தறி நெசவாளி என்று எழுதினால் அப்படிச் சொல்ல முடியாது.

கணக்கு இதுதான். மாத வருமானம் 12,000 என்று வையுங்கள். சொந்தத் தொழில் செய்கிற 40 வயதுக்குக் கீழ்ப்பட்டவனுக்கு வருங்கால உயர்வு என்று 40 சதவீதம் சேர்க்கச் சொன்னது 2017-ன் பிரணய் சேத்தி தீர்ப்பு. ஆகிறது 16,800. வருஷத்துக்கு 12 மாதம். எனக்கு அப்போது 38 வயது. 36 முதல் 40 வரை பெருக்கு எண் 15 என்று 2009-ன் சர்லா வர்மா தீர்ப்பில் அட்டவணை இருக்கிறது. பெருக்கினால் 30,24,000. பிழைப்பு முழுசாகப் போனது என்று ஏற்றால் இது. 35 சதவீதம்தான் போனது என்று பிடிவாதம் பிடித்தாலும் 10,58,400. தீர்ப்பாயம் இந்த வழிக்கே வரவில்லை. சதவீதத்துக்கு 5,000 என்று பெருக்கி முடித்துவிட்டார்கள். வலி வேதனைக்கு ஒரு தொகை, சத்துணவுக்கு ஒன்று, போக்குவரத்துக்கு ஒன்று, உடை சேதத்துக்கு 1,000. கிழிந்த வேட்டிக்கு விலை போட்டார்கள். வேலைக்குப் போடவில்லை.

வருமானத்துக்கு ஆதாரம் இல்லையாம். எப்படி இருக்கும்? சேலைக்கு இத்தனை என்று கூலி. முன்பணம் பிடித்தது போக மிச்சம். எல்லாம் முதலாளியின் நோட்டில் பென்சிலில் இருக்கிறது. சாட்சிக்கு வாருங்கள் என்றால் முதலாளி, "தம்பி, என் வரிக் கணக்கை இழுப்பாங்கப்பா" என்கிறார். காய்கறி விற்றுக்கொண்டிருந்த ஒருவர் கால் போய் உச்ச நீதிமன்றம் வரை போனார், 2014-ல் தீர்ப்பு. காய்கறிக்காரன் ரசீதுக்கு எங்கே போவான் என்று கேட்டு, கோர்ட்டே மாதம் 6,500 என்று வைத்துக் கொடுத்தது. அதுவும் 2008-ல் நடந்த விபத்துக்கு. எனக்கு மட்டும் சம்பளச் சீட்டு வேண்டுமாம்.

இன்னொன்றுக்கு எந்தத் தீர்ப்பிலும் கட்டம் கிடையாது. கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். நான் உடலை நெய்வேன். ஓரத்தில் உட்கார்ந்து பார்டர் நாடாவை வாங்குவது என் மனைவி. என் கால் நின்றதும் அவள் கையும் நின்றது. இப்போது அவள் ஒரு கம்பெனிக்குப் பெருக்கித் துடைக்கப் போகிறாள். அவளுக்கு அடிபடவில்லை, ஆகவே அவள் மனுதாரர் இல்லை.

மக்கள் நீதிமன்றத்தில் 2 லட்சம் என்றபோது பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் "வாங்கிக்கப்பா" என்றார்கள். கம்பெனிக்காரர் சிரித்த முகமாகத்தான் இருந்தார். யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2,50,000 கேட்டு வாங்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ம் பிரிவு வழி வைத்திருக்கிறது. அது அவருக்குத் தெரியும். அதைவிடக் குறைத்துச் சொல்லி, அதற்கு நன்றியும் எதிர்பார்த்தார். அங்கே கையெழுத்துப் போட்டால் மேல்முறையீடு கிடையாது என்பதையும் எங்கள் வக்கீல் அம்மாதான் காதில் சொன்னார். போடவில்லை.

தீர்ப்பு வந்த 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு போட்டாகிவிட்டது. தொழில் என்ற இடத்தில் நெசவாளி என்று இருக்கிறதா என்று நானே படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திட்டேன். அது எப்போது வருமோ, வரட்டும்.

காவல்துறை ஐயாமார்களிடம் எனக்கு ஒன்று கேட்க வேண்டும். நேற்றும் எங்கள் சாலையில் ஒரு பையன் அடிபட்டான். கட்டுமான வேலைக்குப் போகிற பையன். அவன் அம்மா உங்கள் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அந்த இரண்டாம் எண் படிவத்தை, தமிழில், அவள் கையில் கொடுங்கள். அச்சடிக்கக் காசில்லை என்றால் சொல்லுங்கள், என் 1,75,000-ல் பிடித்துக்கொள்ளுங்கள்.