இலவச நுழைவுச்சீட்டும் காலி நாற்காலியும்



ஏப்ரல் பிறந்தால் சிங்கப்பூரில் தமிழ்மொழி விழா களைகட்டிவிடும். வளர்தமிழ் இயக்கம் 2007ஆம் ஆண்டு முதல் முன்னெடுத்துவரும் இவ்விழாவில் மாணவர்களுக்கெனப் பல நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. அவற்றுள் பலவற்றிற்குக் கட்டணம் கிடையாது. முன்பதிவு மட்டும் செய்தால் போதும். இந்த ‘மட்டும்’ பற்றியே இன்று எழுத விழைகிறேன்.

இணையப் படிவத்தை நிரப்ப ஓரிரு நிமிடங்களே ஆகும். ஆகவே, ‘எதற்கும் பதிந்து வைப்போம், நேரமிருந்தால் போகலாம்’ என்று நான்கு இடங்களைப் பதிவுசெய்து விடுகிறோம். அக்கணமே அந்நான்கு நாற்காலிகளும் கணக்கில் நிரம்பிவிடுகின்றன. அடுத்து வருபவருக்கு ‘இடங்கள் நிறைந்துவிட்டன’ என்ற பதிலே கிடைக்கிறது.

அண்மையில் ஒரு சிறுவர் நாடகத்திற்கு என் மாணவி ஒருத்திக்கு இடம் கிடைக்கவில்லை. வீட்டில் ஆங்கிலமே பேசும் குடும்பம். தாயார் தாமாகவே ஆர்வத்துடன் பதிய முனைந்தும் பயனில்லை. நாடகத்தன்று அரங்கினுள் நான் கண்டதோ வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள்! வகுப்பறைக்கு வெளியே தமிழைக் கேட்டு மகிழும் வாய்ப்பு அக்குழந்தைக்கு ஆண்டில் எத்தனை முறை வாய்க்கும்?

‘சிறு கட்டணம் வைத்தால் எல்லாரும் வருவார்கள்’ என்பர் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருவருக்கு ஐந்து வெள்ளி என்றாலும், மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் அதுவே தடையாகிவிடலாம்.

பணம் வாங்காமலும் பொறுப்பை உணர்த்த இயலும். எஸ்ஜி கல்ச்சர் பாஸ் திட்டத்தையே பாருங்கள். 2025இல் 18 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர் ஒவ்வொருவருக்கும் 100 வெள்ளி ஒதுக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 1 முதல் 2028 டிசம்பர் 31 வரை, திட்டத்தில் இடம்பெறும் உள்ளூர்க் கலை, மரபுடைமை நிகழ்ச்சிகளுக்கு அதைப் பயன்படுத்தலாம். அது நாம் கொடுத்த பணம் அன்று. ஆயினும் எடுக்க எடுக்கக் குறையும். எனவே எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். நூலக உறுப்பினர் இரவல் பெறும் நூல்களுக்கும் ஒரு வரம்பு உண்டு. இலவச முன்பதிவுக்கும் அத்தகைய வரம்பு வேண்டும் என்பதே என் கருத்து.

ஏற்பாட்டாளர்களுக்குச் சில பரிந்துரைகள்:

1. ஒரு குடும்பம் ஒரே சமயத்தில் வைத்திருக்கும் இலவசப் பதிவுகளுக்கு வரம்பு விதிக்கலாம்.

2. நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்னர் குறுஞ்செய்தி அனுப்பி, வருகையை உறுதிசெய்யக் கேட்கலாம். பதிவை ரத்துசெய்யும் வழியும் அதிலேயே இருக்கட்டும்.

3. உறுதிசெய்யப்படாத இடங்களைக் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்களுக்கு வழங்கலாம்.

4. தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பும் காலியாக உள்ள இருக்கைகளில், வாசலில் காத்திருப்போரை அமர்த்தலாம்.

சக ஆசிரியர்களே, வகுப்பாகப் பதியும்போது தோராயமாக நாற்பது என்று எழுதாமல், பெற்றோரின் ஒப்புதல் பெற்ற பிறகு சரியான எண்ணிக்கையைக் கொடுப்போம்.

பெற்றோர்களே, பிள்ளைக்குக் காய்ச்சல் வரலாம். துணைப்பாட வகுப்பின் நேரம் மாறலாம். வர இயலாமற்போவது குற்றமன்று. சொல்லாமல் விடுவதே தவறு. பதிவை ரத்துசெய்யும்போது உங்கள் பிள்ளையையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். ‘நம் இடத்தில் வேறொரு பிள்ளை உட்கார்ந்து பார்க்கட்டும்’ என்று சொல்லுங்கள். நாங்கள் நன்னெறி வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்குவதை, அந்த ஒரு நிமிடத்தில் பிள்ளை கற்றுக்கொள்ளும்.