வண்டி கம்பெனிக்கு, கரண்டு பில் தொழிலாளிக்கா?

வேதாரண்யம் கடைத்தெருவிலும் இன்று பேட்டரி வண்டிகள் ஓடுகின்றன. ஊராட்சிகளில் குப்பை அள்ள அவை வந்துவிட்டன. பட்டணங்களிலோ வீடு வீடாகச் சரக்குக் கொடுக்கும் பெருங்கம்பெனிகள் அவற்றை ஏராளமாக இறக்கி வருகின்றன. புகையில்லாத வண்டியை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம். ஆனால் அதன் செலவு யார் தலையில் விழுகிறது? இதுவே நமது கேள்வி.

பெட்ரோல் வண்டியின் கணக்கு பகிரங்கமானது. பங்க்கில் ரசீது உண்டு. அதைக் காட்டிக் கம்பெனியிடம் பணம் கேட்கலாம். பேட்டரி வண்டி அப்படியல்ல. ராத்திரி தொழிலாளி தன் வீட்டில் பிளக்கைச் சொருகினால் ரசீது ஏது? மீட்டர்தான் ஓடுகிறது.

கணக்குப் பார்ப்போம். ஒரு ஸ்கூட்டர் பேட்டரி நிரம்பச் சுமார் 3 யூனிட் பிடிக்கும். மாதம் 26 நாள் என்றால் 78 யூனிட். இரண்டு மாத பில்லில் 156 யூனிட். 2016-ல் தமிழ்நாடு சர்க்கார் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்தது. ஏழை வீட்டில் விளக்கெரியத் தந்த அந்த 100 யூனிட்டைக் கம்பெனி வண்டி குடித்துவிட்டு, மேற்கொண்டு 56 யூனிட்டுக்குக் காசும் கட்டச் சொல்கிறது! ஜனங்களின் வரிப்பணத்தில் கொடுத்த சலுகை முதலாளியின் லாபத்தில் போய்ச் சேருகிறது.

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. 2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி டிப்போவில் 120 மின்சார பஸ்கள் விடப்பட்டன. டிப்போவிலேயே சார்ஜ் வசதி உண்டு. டிரைவர் பஸ்ஸைத் தன் வீட்டுக்கு ஓட்டிப்போக வேண்டியதில்லை. டிரைவர் வேலையைத் தனியார் கம்பெனியிடம் ஒப்படைத்ததை நாம் கண்டிக்கிறோம். ஆனால் சார்ஜ் போடுவது ஸ்தாபனத்தின் வேலை என்பதற்கு அது சாட்சி. முதலாளித்துவ பிரிட்டனிலும்கூட, கம்பெனி காரை ஓட்டும் ஊழியருக்குக் கொடுக்க மைல் கணக்கில் தொகை உண்டு. 2025 செப்டம்பரில் வரி இலாகா அதற்கு நிர்ணயித்த அளவு, வீட்டில் சார்ஜ் போட்டால் மைலுக்கு 8 பென்ஸ், வெளியே போட்டால் 14 பென்ஸ். வீட்டுக் கரண்டுக்கும் விலை உண்டென்று அங்கே ஒப்புக்கொள்கிறார்கள்.

தஞ்சை ஜில்லாவின் பழைய மிராசுதார் மகா கொடியவர். ஆனால் அவர்கூடத் தன் மாட்டுக்குத் தன் போரிலிருந்துதான் வைக்கோல் போட்டார். பண்ணையாளின் கூரையைப் பிடுங்கிப் போடச் சொல்லவில்லை. அவர் திருடியது பொழுதை. விடியுமுன் தொழுவம், இருட்டிய பின்னும் தொழுவம். அதற்குக் கணக்கே கிடையாது. தோழர் பி. சீனிவாசராவ் போன்றோர் செங்கொடிச் சங்கம் கட்டிப் போராடிய பிறகே 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

இன்றைய முதலாளி வைக்கோல், பொழுது இரண்டையும் கேட்கிறார். சார்ஜ் ஏற மணிக்கணக்கில் காத்து நிற்பது வேலையில்லையாம்! முதலாளியின் ஏவலுக்குக் கட்டுப்பட்டிருக்கும் நேரமே வேலை நேரம் என்று 1961-ம் வருஷத்து மோட்டார் தொழிலாளர் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21-ல் அமலான தொழிற்சட்டத் தொகுப்பு அந்தச் சட்டத்தை விழுங்கிவிட்டது. சரக்குக் கொண்டுபோகும் இளைஞரையோ கம்பெனிகள் தொழிலாளி என்றே ஒப்புவதில்லை, ‘பார்ட்னர்’ என்கின்றன. லாபத்தில் பங்கில்லாத பார்ட்னர்!

நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம் பகுதிக் கிராமங்கள் பல நாள் இருளில் கிடந்ததை நாம் மறக்கவில்லை. கரண்டில்லாத நாளில் பேட்டரி வண்டி நகராது. அன்றைய கூலியை இழப்பது யார்?

ஆகவே நாம் கோருவது:

வீட்டில் போடும் சார்ஜுக்குத் தனி மீட்டர் வைத்து, கம்பெனியே பணம் கட்ட வேண்டும்.

சார்ஜுக்குக் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி வேண்டும்.

கரண்டு இல்லாமல் வண்டி நின்றால் அந்த நாள் கூலியை வெட்டக் கூடாது.

மில் தொழிலாளித் தோழர்களே, விவசாயத் தொழிலாளித் தோழர்களே! அந்த வண்டிகளை ஓட்டுவது நம் வீட்டுப் பிள்ளைகள். அவர்களைத் தனித்தனியாக விடாதீர்கள். சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். வண்டி யாருடையதோ, கரண்டு பில்லும் அவருடையதே!