ரோமானியக் காசின் பின்புறம்

கோயமுத்தூரிலும் கரூரிலும் புதுக்கோட்டைச் சீமையிலும் மண்ணுக்குள்ளிருந்து அவ்வப்போது வெளிப்பட்ட ரோமானியக் காசுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பழந்தமிழர் வாணிபத்தின் மேன்மையைப் புகழ்ந்து, காசிலுள்ள சக்கரவர்த்தி அகஸ்டஸா டைபீரியஸா என்று பெயர் சொல்லி, அத்துடன் திருப்தியடைந்துவிடுவது நம்மவர் வழக்கமாயிருக்கிறது. பெயர் சொல்லுவது பெரிய வித்தையன்று. முகத்தைச் சுற்றி ஓடும் லத்தீன் எழுத்துகளைக் கூட்டி வாசிக்கத் தெரிந்தால் போதும். காசைத் திருப்பிய பிறகே அதைப் படிக்கும் வேலை ஆரம்பமாகிறது என்பது என் அபிப்பிராயம்.

தென்னிந்தியப் புதையல்களில் மிகுதியாகக் கிடைக்கும் அகஸ்டஸின் வெள்ளித் தினாரியஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாலு கிராம் எடைகூட இல்லாத அதன் பின்புறத்தில் டோகா உடுத்த இரு வாலிபர்கள் நிற்கின்றனர்; நடுவே கேடயங்களும் ஈட்டிகளும்; அவற்றுக்கு மேலே, உற்று நோக்கினாலன்றிப் புலப்படாத இரு கருவிகள். ஒன்று, பலியிடும்போது மது வார்க்கும் அகப்பை. மற்றொன்று, பறவைகளைக் கொண்டு நிமித்தம் பார்ப்போர் ஏந்தும் வளைகோல். மூத்தவன் காயஸ் வகித்த புரோகிதப் பதவியை அகப்பையும், இளையவன் லூசியஸ் வகித்த நிமித்திகப் பதவியை வளைகோலும் குறிக்கின்றன. மகள் வயிற்றுப் பேரர்களைச் சுவீகாரம் எடுத்துக்கொண்ட சக்கரவர்த்தி, தமக்குப்பின் ஆளப்போகிறவர் இன்னாரென்று சாம்ராஜ்யம் முழுவதற்கும் செய்த பிரகடனம் இது. விதி வேறாக இருந்தது, கி.பி. 2இல் லூசியஸும் கி.பி. 4இல் காயஸும் இறந்துபோக, பட்டம் டைபீரியஸுக்குப் போயிற்று. ஆகவே, காசின் சின்னங்களை நடந்த சரித்திரமென்று அப்படியே நம்பிவிடாமல், ஆட்சி செய்தவரின் ஆசைப் பத்திரமாகவே வாசிக்க வேண்டும்.

காசைக் கையாண்டவர்களும் தம் பங்குக்கு அதில் எழுதியிருக்கிறார்கள். 1898ஆம் ஆண்டில் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றின் முகத்தில் உளியால் வெட்டிய தழும்பு உண்டு. தங்கத்தைச் சோதித்ததா, நாணயமாகச் செல்லாதபடி செய்ததா என்பதில் அறிஞர் ஒருமைப்படவில்லை. எனக்கோ இரண்டாவது காரணமே பொருத்தமாகப் படுகிறது, தங்கத்தைச் சோதிக்க உரைகல் போதாதா?

இத்தனை செய்தி பொதிந்த காசுகளைக் கண்ணாடிப் பெட்டியில் முகம் மட்டும் தெரிய வைத்து, அரசன் பெயரோடு விட்டுவிடுவது நியாயமாகாது. பின்புறத்தின் பெரிதாக்கிய புகைப்படம் ஒன்றையும், சின்னங்களை விளக்கும் நாலு வரித் தமிழையும் பக்கத்தில் வைக்க நம் அருங்காட்சியகத்தார் முன்வர வேண்டும். அதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் ஆகிவிடாது.