கத்தரிக்கோலோடு வந்த காவலர்

சென்ற இதழில், கிரிம் சகோதரர்களையும் பெரோவையும் பிள்ளைகளின் படுக்கையறையிலிருந்து நாடு கடத்தவேண்டும் என்று தீர்ப்பெழுதியிருக்கும் கட்டுரையாளர், எழுதும் முன் குற்றவாளிகளை ஒருமுறையாவது நேரில் பார்த்தாரா என்ற ஐயம் இரண்டாவது பத்தியிலேயே எனக்கு வந்துவிட்டது. பிடிக்காத தவளைக்கு முத்தம் கொடுக்கும்படி ஓர் இளவரசியைக் கட்டாயப்படுத்துகிற கதை பெண்குழந்தைக்கு எதைக் கற்பிக்கும் என்று அங்கே பொங்கியிருக்கிறார். கிரிம் தொகுப்பின் முதல் கதை அது. தேடிக் களைக்கவேண்டியதில்லை, அட்டையைத் திறந்தால் போதும். அந்த இளவரசி தவளையை முத்தமிடுவதே இல்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்று என்று அப்பாவான அரசர் நெருக்க, படுக்கையில் இடம் கேட்கும் தவளையைத் தூக்கி ஆத்திரத்தோடு சுவரில் அறைகிறாள். அறைந்த அறையில்தான் அது இளவரசனாகிறது. தகப்பன் சொல்லை மீறிக் கோபப்பட்டவளுக்குப் பரிசு கிடைக்கிற கதையை அடிமைத்தனத்தின் அரிச்சுவடியாகப் பார்க்க ஒரு தனித் திறமை வேண்டும். படிக்காமலே விமர்சிக்கும் திறமை என்று அதைச் சொல்லலாம்.

சிண்டரெல்லாவிடம் வரும்போது இந்தத் திறமை இரட்டிப்பாகிறது. கட்டுரையின் ஓரிடத்தில் அவள் பெண்களுக்குப் பொறுமை என்ற விலங்கை மாட்டுகிறாள். இரண்டு பக்கம் தள்ளிப் போனால் அதே சிண்டரெல்லா, அக்காமார்களின் கண்களைப் புறாக்கள் கொத்துவதைப் பார்த்துக்கொண்டு நின்று, பிள்ளைகளுக்குப் பழிவாங்கும் வெறியை ஊட்டுகிறாள். இவை இரண்டும் வேறு வேறு புத்தகங்களிலிருந்து வந்தவை என்பது அவருக்குத் தெரியவில்லை. 1697இல் பெரோ எழுதிய சிண்டரெல்லா அக்காமார்களை மன்னித்து, அரண்மனைப் பிரபுக்களுக்கு மணமுடித்தும் வைக்கிறாள். புறாக்கள் கண்களைக் கொத்துவது கிரிம் தொகுப்பில், அதுவும் முதல் பதிப்பில் இல்லை. சரி, நூலகக் குழப்பத்தை மன்னித்துவிடுவோம். தர்க்கக் குழப்பத்தை என்ன செய்வது? மன்னித்தால் அடிமை, மன்னிக்காவிட்டால் வன்மக்காரி என்றால் அந்தப் பெண் வேறு என்னதான் செய்யவேண்டும்? குடும்பநல நீதிமன்றத்தில் மனுப் போடவேண்டுமா?

கட்டுரையின் உயிர்நிலை மாற்றாந்தாய் பற்றிய பகுதிதான். மறுமணங்கள் இயல்பாகிவரும் காலத்தில், மாற்றாந்தாயைச் சூனியக்காரியாகக் காட்டும் கதைகள் எத்தனை வீடுகளில் விரிசல் உண்டாக்கும் என்று கேட்கிறார். அவர் எழுப்பிய கேள்விகளில் பதில் சொல்லத் தகுந்தது இது ஒன்றுதான். ஆனால் பதில் அவருக்கு இனிக்காது. 1812இல் வந்த முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவள் அவளைப் பெற்ற தாய். ஹேன்சலையும் கிரெட்டலையும் காட்டில் விட்டுவரச் சொல்பவளும் பெற்றவளேதான். படங்கள் இல்லாமல், அறிஞர்களுக்கான குறிப்புகளோடு வந்த அந்தத் தொகுப்பைப் பிள்ளைகள் கையில் எப்படிக் கொடுப்பது என்று அன்றைய கண்ணியவான்கள் முகம் சுளித்தார்கள். தம்பி வில்ஹெல்ம் பேனாவை எடுத்தார். 1819இல் ஸ்னோ ஒயிட்டின் தாய் பிள்ளையைப் பெற்றதும் இறந்துபோக, அந்த இடத்துக்கு மாற்றாந்தாய் வந்து சேர்ந்தாள். 1840இல் ஹேன்சல் வீட்டிலும் அதே ஆள்மாறாட்டம். தாய்மை என்ற புனிதப் படிமத்தில் கீறல் விழக்கூடாது, பிஞ்சு மனம் பெற்றவளைப் பற்றித் தப்பாக நினைத்துவிடக்கூடாது என்ற கவலை செய்த வேலை இது. அதாவது, எந்த இரண்டு கதைகளைக் காட்டி மாற்றாந்தாய்களுக்காகக் கட்டுரையாளர் கண்ணீர் வடிக்கிறாரோ, அந்த இரண்டிலும் அவளைக் கொண்டுவந்து உட்காரவைத்தது, குழந்தைகளைக் காப்பாற்றப் புறப்பட்ட அவருடைய சொந்தப் பாட்டன் வழிதான். வியாதிக்குக் காரணமான மருந்தையே இன்னொரு வேளை கொடுக்கச் சொல்கிறார்.

ரப்புன்ஸலை அவர் 'மூளையற்ற அழகி' என்கிறாரே, அதன் பூர்வீகமும் இதுதான். முதல் பதிப்பில், கோபுரத்துக்கு இளவரசன் வந்துபோனதில் கருவுற்ற பெண் அவள். உடைகள் ஏன் இறுகிக்கொண்டே போகின்றன என்று வெகுளியாகக் கேட்டு மாட்டிக்கொள்கிறாள். அடைத்துவைத்து வளர்க்கப்பட்ட பெண்ணுக்குத் தன் உடம்பைப் பற்றியே ஒன்றும் தெரியாது என்ற குரூரமான உண்மை அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. பெரியவர்களுக்கு அது கூசியது. வெட்டிவிட்டு வேறொன்றை ஒட்டினார்கள்: இளவரசனைவிட நீ ஏன் இவ்வளவு கனக்கிறாய் என்று சூனியக்காரியிடமே கேட்கிற அசடாகிவிட்டாள். ஒழுக்கக் காவலர்கள் ஒரு பெண்ணை முட்டாளாக்குவார்களாம். இருநூறு வருடம் கழித்து அவர்களின் வாரிசு வந்து, முட்டாளாக இருக்கிறாளே என்று அவளையே தண்டிப்பாராம். பேஷ்!

சிவப்புத் தொப்பிக்காரிக்கு வருவோம். பெண்ணைக் காப்பாற்ற வேட்டைக்காரன் என்ற ஆண்மகன் தேவைப்படுகிறான் என்பது குற்றச்சாட்டு. கிரிம் கதை வேட்டைக்காரனோடு முடிவதில்லை. பின்னொரு நாள் இன்னோர் ஓநாய் வருகிறது. இம்முறை பாட்டியும் பேத்தியும் கதவைத் தாழிட்டு, இறைச்சி வேகவைத்த தண்ணீரை வாசலிலுள்ள கல்தொட்டியில் நிரப்பி வைக்கிறார்கள். கூரையில் பதுங்கியிருந்த ஓநாய் வாசனைக்குக் கழுத்தை நீட்டி, வழுக்கி விழுந்து, மூழ்கிச் சாகிறது. அந்தப் பக்கத்தில் ஆண்வாடையே கிடையாது. ஹேன்சல் கூண்டுக்குள் கிடக்க, சூனியக்காரியை அடுப்புக்குள் தள்ளுபவள் கிரெட்டல்தான் என்பதை நினைவூட்டுவது வாசகர்களை அவமதிப்பதாகும், கட்டுரையாளருக்காகச் சொல்லிவைக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொகுப்பில் உண்மையிலேயே நஞ்சு உண்டு. முட்புதருக்குள் ஒரு யூதரை ஆடவிட்டு, கடைசியில் தூக்கிலும் போட்டுச் சிரிக்கிற கதை அது. 1857இன் இறுதிப் பதிப்பு வரை நீக்கப்படவில்லை. அதைப் பிள்ளைக்கு வாசிக்காதீர்கள் என்று அவர் எழுதியிருந்தால் நானும் கையெழுத்திட்டிருப்பேன். ஆறு பக்கத்தில் அதற்கு ஒரு வரி இல்லை. தேளை விட்டுவிட்டு மரவட்டையை விரட்டியிருக்கிறார்.

பிறகு வருகிறது பண்பாட்டுக் கொடி. மேலைநாட்டுக் கதைகள் கொடூரமானவை, நம்முடைய கதைகளோ சாத்விகமானவை, ஆகவே அவற்றைச் சொல்லுங்கள். அடேயப்பா! பஞ்சதந்திரத்தில் கொக்கின் கழுத்தை நண்டு தன் கொடுக்கால் துண்டிக்கிறதே, அது எந்தச் சாத்விகம்? விக்கிரமாதித்தன் முதுகில் ஏறிக்கொள்வது புறாவா, வேதாளமா? சிறுத்தொண்டர் வீட்டில் அன்றைக்கு என்ன சமையல் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லையா? பசிக்கொடுமையில் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளிய நல்லதங்காளை நம் பாட்டிமார்கள் பாடிப் பாடி அழுதார்கள். பழியை அண்ணி மூளியலங்காரி தலையில் போட்டார்களே தவிர, தள்ளியவள் பெற்றவள்தான் என்பதை மறைக்கவில்லை. வில்ஹெல்முக்கு இல்லாத நெஞ்சுரம் அது. தவிர, நம் கதை, அவர்கள் கதை என்று வேலி கட்டுவதும் அவ்வளவு சுலபமல்ல. பஞ்சதந்திரம் பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பா போய் லா ஃபோன்டேன் வரைக்கும் சேர்ந்தது. சிண்டரெல்லாவின் சகோதரி ஒருத்தியைக் கன்னட நாட்டில் ஏ.கே. ராமானுஜன் காட்டியிருக்கிறார். எல்லைச் சாவடியில் எந்த மூட்டையை அவர் திருப்பி அனுப்பப்போகிறார்?

இத்தனை ஓட்டைகளோடு ஒருவர் எதற்காகக் கப்பல் விடுகிறார்? கதைகளிலுள்ள வன்முறையைப் பிள்ளைகள் அப்படியே பின்பற்றுவார்கள் என்று அஞ்சுகிறவர், கடைசிப் பக்கத்தில், நீதிக்கதைகளை எவ்வளவு சொன்னாலும் பிள்ளைகள் காதில் வாங்குவதில்லை என்று அலுத்துக்கொள்கிறார். கெட்டது மட்டும் ஒட்டும், நல்லது வழுக்கும் என்றால் அது என்ன அதிசயப் பிள்ளை? பெற்றோர் ஒவ்வொரு கதையையும் முன்கூட்டியே தணிக்கை செய்து, வேண்டிய குடிமகனை வடிக்கவேண்டும் என்பதுதான் உள்ளே ஒளிந்திருக்கும் ஆசை. பழைய ஆசை. பிளேட்டோ தம் குடியரசில் தாய்மாரும் செவிலியரும் சொல்லும் கதைகளுக்குக் காவல் போட்டார். 1928இல் லெனினின் மனைவி குரூப்ஸ்கயா, குழந்தைக் கவிஞர் சுகோவ்ஸ்கியின் முதலைக் கதைப்பாட்டு சோவியத் பிள்ளைகளுக்கு ஆகாது என்று பிராவ்தாவில் எழுதினார். ஒருவருக்குத் தேவர்களின் ஒழுக்கம் உறுத்தியது, இன்னொருவருக்கு வர்க்க அரசியல், நம்மவருக்கு உளநலம். எது விஷம் என்பதில் இவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. பாட்டியைப் பேசவிடக்கூடாது என்பதில் மட்டும் அபார ஒற்றுமை.

அதே சுகோவ்ஸ்கி, 'இரண்டிலிருந்து ஐந்து வரை' என்ற நூலில் ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறார். மாயக்கதை ஒன்றுகூடக் காதில் விழாமல், நடப்புலகத்தை மட்டும் ஊட்டித் தன் மகனை வளர்த்த கல்விமான் அவர், நாட்குறிப்பும் எழுதிவந்தார். கதை கிடைக்காத பையன் தானே கட்டத் தொடங்கினான். அவனுடைய அறையில் ஒரு சிவப்பு யானை குடியேறிவிட்டது. நம் கட்டுரையாளரும் தம் வீட்டில் இந்தத் திட்டத்தை அமல்படுத்திவிட்டதாகப் பெருமையோடு குறிப்பிட்டிருக்கிறார். பிள்ளையிடம் மெதுவாக விசாரித்து, யானை என்ன நிறம் என்று அடுத்த கட்டுரையில் எழுதட்டும்.